சிஸ்டர், ஒரு நிமிஷம்!



வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று முடிவானதும் நாம் என்னென்ன விசாரிக்கிறோம்? எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், கைராசிக்காரரா, மொத்தம் எவ்வளவு ஆகும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமா, கூட ஒருவர் தங்க இடம் உண்டா... ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் போன் போட்டுக் கேட்டுவிடுகிறோம். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை எந்தக் குடும்பமும் கேட்டு நான் பார்த்ததில்லை. ‘பெரிய டாக்டர் அவசரத்தில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டால், பக்கத்தில் நிற்கும் நர்ஸ் அதைச் சொல்வாரா? சொன்னால், டாக்டர் காதில் வாங்கிக்கொள்வாரா?’

இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது இந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். கட்டடமும் மெஷினும் கண்ணுக்குத் தெரிகின்றன. டாக்டரின் படிப்பு போர்டில் எழுதியிருக்கிறது. இது மட்டும் எங்கேயும் எழுதியிருப்பதில்லை. ஆனால், உயிரைக் காப்பாற்றுவதில் இதன் பங்கு சின்னது அல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சைக்குப் போகும் பத்துப் பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையின்போதே ஏதாவது ஒரு பாதிப்பு நேர்கிறது. மருந்து மாறிப்போவது, ஊசி போட்ட இடத்தில் கிருமி தொற்றுவது, கட்டிலிலிருந்து விழுவது, நோயைத் தவறாகக் கணிப்பது, ரிப்போர்ட் ஆள் மாறுவது என்று பலவும் இதில் அடக்கம். இப்படிப்பட்ட பாதுகாப்புக் குறைவால் உலகம் முழுக்க ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். பாதிப்புகளில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக்கூடியவை. 2019 முதல் செப்டம்பர் 17-ஐ உலக நோயாளர் பாதுகாப்பு தினமாக அனுசரிப்பது இதற்காகத்தான். முதல் ஆண்டு அந்த நிறுவனம் முன்வைத்த கோரிக்கையே ‘பாதுகாப்புக்காகப் பேசுங்கள்’ என்பதுதான்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட முடியுமா என்ன? பிரசவம், விபத்து, மாரடைப்பு என எதுவாக இருந்தாலும் நாம் ஓடுவது அங்கேதான். ஓட வேண்டியதும் அங்கேதான். அந்த இடம் இன்னும் பத்திரமான இடமாக வேண்டும் என்பதுதான் நம் கவலை.

இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2005 மார்ச் மாத இறுதி. 37 வயதான எலைன் புரோமிலி, இரண்டு குழந்தைகளின் அம்மா. சைனஸ் பிரச்னைக்கு ஒரு சாதாரண ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களிலேயே அவருக்கு மூச்சுப்பாதை அடைபட்டது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு சரசரவென இறங்கியது. அறையில் இருந்த டாக்டர்கள் அனுபவசாலிகள். சாதனங்களுக்கும் குறைவில்லை.

டாக்டர்கள் தொண்டைக்குள் டியூப் செலுத்தப் பார்த்தார்கள். போகவில்லை. மறுபடி முயன்றார்கள். மறுபடியும் போகவில்லை. இருபது நிமிடங்களுக்கு மேல் அதே முயற்சியிலேயே மூழ்கிப்போனார்கள். இதுபோன்ற நேரத்தில் கழுத்தின் முன்பக்கம் துளையிட்டுக் காற்று செலுத்த வேண்டும் என்பது மருத்துவம் அறிந்த வழிமுறை. அதற்கான சாதனங்களை ஒரு நர்ஸ் எடுத்துவந்து, ‘தயாராக இருக்கிறது’ என்று சொல்லவும் செய்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு நர்ஸ் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவைத்துவிட்டு வந்து தகவல் சொன்னார். ‘அந்த அளவுக்கு என்ன ஆகிவிட்டது?’ என்பதுபோல் டாக்டர்கள் அவரைப் பார்த்தார்களாம். அவர் திரும்பிப் போய்ப் படுக்கையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எலைன் பதின்மூன்று நாட்கள் கழித்து இறந்துபோனார்.

பிறகு நடந்த விசாரணையில் அந்த அறையில் இருந்த நர்ஸ்கள் சிலர் சொன்னதுதான் என்னை மிகவும் பாதித்தது. என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதை எப்படி எடுத்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அறிவு அந்த அறையிலேயே இருந்திருக்கிறது. அது டாக்டரின் காதுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். நினைத்துப் பார்த்தால் மனசு ஆறவில்லை.

எலைனின் கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. மனைவியை இழந்த அவர் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ‘இதை எப்போது விசாரிக்கப்போகிறீர்கள்? என்ன கற்றுக்கொள்ளப்போகிறீர்கள்?’ விமானத் துறையில் ஒரு விபத்து நடந்தால், யார் மேல் பழி என்று பார்ப்பதற்கு முன்னால், அது ஏன் நடந்தது என்று அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்பது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. சம்பந்தப்பட்ட டாக்டர்களின் பதவியைப் பறிக்க வேண்டும் என்று அவர் நிற்கவில்லை. அவர்கள் திரும்பவும் வேலைக்குப் போக வேண்டும், இந்த அனுபவத்தோடு இன்னும் கவனமாக வைத்தியம் பார்க்க வேண்டும் என்றே விரும்பினார். இப்படிப்பட்ட பிழைகளுக்குப் பின்னால் இருக்கும் மனிதக் காரணங்களை மருத்துவத் துறைக்குப் புரியவைப்பதற்கென்றே பின்னர் ஓர் அமைப்பையும் தொடங்கினார். உலகம் முழுக்க மயக்க மருந்து நிபுணர்களுக்கான வகுப்புகளில் எலைனின் கதை இன்று பாடம்.

விமானத் துறையும் இந்தப் பாடத்தைச் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர். எதிரே இன்னொரு விமானம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று கூட இருந்த பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. கேட்டும் பார்த்தார். கேப்டன் அடித்துச் சொல்லிவிட்டதும் பேசாமல் இருந்துவிட்டார். இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகுதான், சந்தேகம் வந்தால் எப்படிச் சொல்ல வேண்டும் என்று இளையவருக்கும், சொன்னால் எப்படிக் கேட்க வேண்டும் என்று மூத்தவருக்கும் விமான நிறுவனங்கள் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தன.

சரி, நம் ஊருக்கு வருவோம்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிறார் என்றால் வார்டே அமைதியாகிவிடும். பின்னால் டியூட்டி டாக்டர்கள், அவர்களுக்குப் பின்னால் நர்ஸ்கள். கட்டிலில் இருப்பவர் எழுந்து உட்காரப் பார்ப்பார். கூட இருப்பவரை வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். ராத்திரி முழுக்க விழித்திருந்து, எத்தனை முறை வாந்தி எடுத்தார், எப்போது மூச்சு வாங்கியது என்று பார்த்தது அந்தக் கூட இருப்பவர்தான். அவரிடம் கேட்டால் எவ்வளவு தெரியவரும்!

பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்றுதான் நாம் நம் பிள்ளைகளை வளர்க்கிறோம். மரியாதை நல்ல பழக்கம்தான். ஆனால், ‘டாக்டர், இந்த அம்மாவுக்கு அந்த மருந்து ஒத்துக்காதுன்னு கேஸ் ஷீட்ல இருக்கு’ என்று இருபத்திரண்டு வயது நர்ஸ் ஒருவர் சொல்வது மரியாதைக் குறைவா? அதைக் கேட்டு, ‘நல்லவேளை சொன்னீங்க’ என்று டாக்டர் சொல்வது அவருடைய கௌரவத்துக்கு இழுக்கா? அப்படிச் சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வேலை பார்க்கும் நர்ஸ்களின் முகத்தைப் பார்த்தாலே தெரியும், தயங்காமல் பேசுவார்கள். அங்கே நீங்களும் தயங்காமல் கேட்பீர்கள்.

ஒரு சின்ன விஷயம். நம் வீட்டுப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். ஒரே வார்டில் கே.லட்சுமி, எம்.லட்சுமி, மகாலட்சுமி, விஜயலட்சுமி என நான்கு பேர் இருப்பது சர்வசாதாரணம். நர்ஸ் ஊசியோடு வந்து, ‘நீங்கதானே லட்சுமி?’ என்று கேட்கிறார். காது மந்தமான பாட்டி, பாதித் தூக்கத்தில், ‘ஆமாம்மா’ என்று தலையாட்டுகிறார். அவர் எதற்குமே அப்படித்தான் தலையாட்டுவார்!

இதற்குத்தான், ‘உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர் என்ன? வயசு என்ன?’ என்று நோயாளியையே சொல்லச் சொல்லி, கையில் கட்டியிருக்கும் பட்டையோடும் நம்பரோடும் ஒத்துப்பார்க்க வேண்டும் என்று நடைமுறை வைத்திருக்கிறார்கள். ‘காலையிலதானே சொன்னேன், எத்தனை தடவை கேப்பீங்க?’ என்று சலித்துக்கொள்கிறோமே, தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு முறையும் கேட்கும் நர்ஸ்தான் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். கேட்காமல் ஊசி போட வருகிறாரா? ‘சிஸ்டர், ஒரு நிமிஷம். இது எங்க அம்மாவுக்குத்தானா, பார்த்துடுங்களேன்’ என்று சொல்லுங்கள். இதில் சண்டைக்கு இடமே இல்லை.

ஆபரேஷன் தியேட்டருக்குள்ளும் இதேபோல் ஒரு நடைமுறை உண்டு. 2008-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரே பக்கத்தில் அடங்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டேயின் குழு அதை உருவாக்கியது. மொத்தம் 19 விஷயங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு, கத்தி வைப்பதற்கு முன்பு, நோயாளி தியேட்டரைவிட்டு வெளியே போவதற்கு முன்பு என மூன்று இடங்களில் நிறுத்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இவர்தானா? இந்த ஆபரேஷன்தானா? இடதா, வலதா? எந்த மருந்தாவது அலர்ஜியா? கடைசியில், பஞ்சும் ஊசியும் கருவியும் எண்ணியாயிற்றா?

டெல்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2009 ஜனவரியில் முடிவு வெளியானது. ஆபரேஷனுக்குப் பிறகான இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகக் குறைந்திருந்தன.

அந்தப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. கத்தி வைப்பதற்கு முன்பு அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும். பெரிய டாக்டர் முதல் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் வரை. எதற்கு? ஒருமுறை தன் பெயரைச் சொல்லி வாய் திறந்தவருக்கு, அடுத்த முறை ‘டாக்டர், ஒரு பஞ்சு குறையுது’ என்று சொல்லத் தைரியம் வருகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் இந்தப் பட்டியலைக் கட்டாயமாக்கினார்கள். இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2014-இல் ஆய்வு வந்தது. இரண்டு ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: மேலிடத்து உத்தரவுக்காகப் பேப்பரில் டிக் போடுவதால் பெரிதாக எதுவும் மாறாது. சொல்கிறவருக்குப் பயமும் கேட்கிறவருக்கு ஈகோவும் இல்லாத அறையில்தான் அந்தப் பேப்பருக்கு உயிர் வருகிறது.

சரி, தவறு நடந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன நடக்கிறது?

நமக்கு நன்றாகத் தெரிந்த காட்சிதான். உறவினர்கள் கொந்தளிப்பார்கள். டி.வி. கேமராக்கள் வரும். மாலைக்குள் ஒரு நர்ஸோ லேப் டெக்னீஷியனோ சஸ்பெண்ட் ஆவார். ‘கடும் நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று அறிவிப்பு வரும். நாமும் ஆறுதலடைந்து அடுத்த செய்திக்குப் போய்விடுவோம். ஆனால், அந்தத் தவறு ஏன் நடந்தது? நாளைக்கு இன்னோர் ஊரில் அதே தவறு நடக்காமல் இருக்க என்ன மாற்றினார்கள்? இதை நாம் எப்போதாவது விடாப்பிடியாகக் கேட்டிருக்கிறோமா?

ஓர் உதாரணம். பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து. நிறைய திரவத்தில் கலந்து, சொட்டுச் சொட்டாக, மெதுவாக ஏற்ற வேண்டியது. அடர்த்தியாக அப்படியே நரம்பில் போட்டால் இதயம் நின்றுவிடும். சாதாரண உப்புநீர் ஆம்பியூலும் இதன் ஆம்பியூலும் ஒரே மாதிரித் தோற்றத்தில், ஒரே அலமாரியில் இருந்தால் என்ன ஆகும்? நம் அடுக்களையில் உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்றாவது ஒருநாள் காபியில் உப்பு விழத்தானே செய்யும்? அமெரிக்காவில் இப்படிச் சிலர் இறந்துபோன பிறகு, ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் அமைப்பு 1998-இல் ஓர் எச்சரிக்கை விட்டது. இந்த மருந்தை வார்டு அலமாரிகளிலிருந்தே எடுத்துவிடுங்கள், மருந்தகத்தில் தனியாக வையுங்கள் என்றது. ஒரு நர்ஸைத் தண்டித்தால் அவர் மட்டும் போவார், அவர் இடத்துக்கு வரும் அடுத்த நர்ஸின் கைக்கும் அதே ஆம்பியூல்தான் எட்டும். அலமாரியைச் சரிசெய்தால் யார் டியூட்டியில் இருந்தாலும் அந்தத் தவறு நடக்க வழியில்லை.

பக்கத்திலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தில் 2004 முதல், பிரசவ காலத்தில் ஒரு தாய் இறந்தால், அங்குள்ள மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு அதை ரகசியமாக ஆராய்கிறது. ஆராயும் குழுவுக்கு அது எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எந்தத் தாய் என்று தெரியாது. பெயர்கள் நீக்கப்பட்ட பிறகே விவரம் வருகிறது. தண்டனை கிடையாது. எங்கே தாமதமானது, எதைக் கவனிக்கவில்லை, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று மட்டுமே பார்க்கிறார்கள். பழி வராது என்று தெரிந்தால்தானே டாக்டர் உண்மையை எழுதுவார்! அப்படி எழுதியதால்தான், பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கை எப்படிச் சமாளிப்பது என்று மாநிலம் முழுக்கப் பயிற்சி கொடுக்க முடிந்தது.

2018-20 காலத்துக்கான அரசுப் புள்ளிவிவரப்படி, ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்குத் தாய் இறப்பு கேரளத்தில் 19. தமிழ்நாட்டில் 54. நாடு முழுவதற்கும் 97. கேரளத்தின் நிலைக்குப் பெண்கல்வி முதல் போக்குவரத்து வசதி வரை பல காரணங்கள் உண்டு. இந்த ரகசிய ஆய்வும் அவற்றில் ஒன்று. தாய் இறப்பைத் தணிக்கை செய்வதில் தமிழ்நாடும் பல ஆண்டுகளாக முன்னோடிதான். ஆனால் அந்தத் தணிக்கைக் கூட்டத்துக்குப் போகும் டாக்டர் கற்றுக்கொள்ளப் போகிறாரா, நடுங்கிக்கொண்டு போகிறாரா என்பது முக்கியம் இல்லையா?

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ரத்தசோகைக்காக வந்த கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அது எப்படி வெளியே தெரிந்தது? ஆஸ்பத்திரி தானாக அதைக் கண்டுபிடிக்கவில்லை. ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்ததும், யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடாமல், தானே போய்ச் சொன்னார். அவருக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. ஒரு பெரிய அமைப்பு செய்யத் தவறியதை அந்தப் பிள்ளை செய்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவர் ரத்தம் கொடுத்தபோதே தொற்று பதிவாகியிருந்தும் அந்தத் தகவல் அவரைப் போய்ச் சேரவில்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது.

உண்மையைச் சொன்ன அந்தப் பிள்ளையை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. சில நாட்களில் அவர் இறந்துபோனார். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது எவ்வளவு பெரிய கொடுமையோ, அதற்குக் குறையாத துயரம் இது. உண்மையைச் சொல்ல முன்வருகிறவரை அரவணைக்க நமக்கு ஏன் தெரியவில்லை?

இங்கேதான் நம் வீடுகளின் பங்கு வருகிறது.

நம் உறவினருக்கு ஒன்று என்றால் கோபம் வரும். வரத்தான் செய்யும். ஆனால், அந்தக் கோபம் கையில் ஏறினால்? மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தும், 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள அரசு மருத்துவமனைக்குள்ளேயே ஒரு டாக்டர் கத்தியால் குத்தப்பட்டார். அடி விழும் என்று பயப்படும் டாக்டர், ‘ஒரு தவறு நடந்துடுச்சு, அதைச் சரிசெய்ய இப்படிச் செய்யறோம்’ என்று நம்மிடம் எப்படி வாய் திறந்து சொல்வார்? மறைக்கத்தான் பார்ப்பார். மறைத்தால் நஷ்டம் யாருக்கு? கட்டிலில் படுத்திருக்கும் நம் அப்பாவுக்குத்தான்.

அதற்காகத் தவறுகளை மன்னித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடச் சொல்லவில்லை. குடித்துவிட்டு டியூட்டிக்கு வருவதும், தெரிந்தே அலட்சியம் செய்வதும், கேஸ் ஷீட்டைத் திருத்துவதும் வேறு. அதற்குச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விடவே கூடாது. சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதியிலேயே இருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், கேட்டதற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு ஷிஃப்ட் சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டு, முப்பது நாற்பது பேரைத் தனியாகக் கவனித்துக்கொண்டிருக்கும் நர்ஸின் கை தவறுவதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? அங்கே கேள்வி கேட்கப்பட வேண்டியது, அவரைத் தனியாக நிற்கவிட்ட நிர்வாகம்தான்.

நாம் செய்யும் சில காரியங்களும் நம்மவருக்கே ஆபத்தாகிவிடுகின்றன. காலையில் ஆபரேஷன், எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொல்லியிருப்பார்கள். ‘பாவம், வெறும் வயித்தோட இருக்காரு, ஒரு வாய் காபிதானே’ என்று பாசத்தில் கொடுத்துவிடுகிறோம். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம், உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். சொல்லிவிடுங்கள். ஆபரேஷனைச் சில மணி நேரம் தள்ளிவைப்பார்கள், அவ்வளவுதான்.

டிரிப்ஸ் சீக்கிரம் முடியட்டும் என்று உருளையைத் திருகி வேகத்தைக் கூட்டுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சில மருந்துகள் வேகமாக ஏறினால் இதயம் தாங்காது. நர்ஸ் வர நேரமானால் இன்னொரு முறை போய்க் கூப்பிடுங்கள், கை வைக்காதீர்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குச் சரியாகிவிட்டது என்று அவருடைய மாத்திரையை வாங்கி நம்மவருக்குக் கொடுப்பதும் இந்த ரகம்தான்.

அம்மா சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு தாளில் எழுதி உங்கள் பர்ஸில் வையுங்கள். சர்க்கரை மாத்திரை, பி.பி. மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து, எல்லாம். சித்த மருந்தும் நாட்டு மருந்துக் கடைச் சூரணமும் அதில் இருக்கட்டும். ‘அதெல்லாம் சொன்னா டாக்டர் கோவிப்பாரு’ என்று மறைப்பதுதான் நம் வழக்கம். அவருக்குத் தெரியாவிட்டால் எந்த மருந்தோடு எது மோதுகிறது என்று எப்படிப் பார்ப்பார்? மாத்திரையின் நிறம் மாறியிருந்தால் விழுங்குவதற்கு முன் கேளுங்கள். பெரும்பாலும் ‘கம்பெனி வேறம்மா, மருந்து அதேதான்’ என்றுதான் பதில் வரும். ஒருமுறை அது வேறு மருந்தாகவே இருந்துவிட்டால்? மருந்து சாப்பிட்டு ஒவ்வாமையோ வேறு பாதிப்போ வந்தால், மத்திய அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024-இல் நீங்களே புகார் பதிவு செய்யலாம்.

தொட வருகிறவர் யாராக இருந்தாலும், ‘கை கழுவிட்டீங்களா டாக்டர்?’ என்று கேட்கலாம். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சம் பார்க்காமல், ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வரும் நம் சொந்தக்காரர்களிடமும் இதைச் சொல்ல வேண்டும். ஆப்பிளோடு பத்துப் பேர் சேர்ந்து வந்து கட்டிலைச் சுற்றி உட்காருவதைவிட, ஒருவர் வந்து, கை கழுவி, பத்து நிமிடம் பேசிவிட்டுப் போவது நோயாளிக்கு நல்லது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாடு முழுவதற்குமான நோயாளர் பாதுகாப்புச் செயல்திட்டம் ஒன்றை 2018-லேயே மத்திய அரசு வெளியிட்டுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிகளில் தரச்சான்றும் கமிட்டியும் இருக்கின்றன. ஃபைலில் எல்லாம் சரியாகவே இருக்கும். கடந்த மாதம் உங்கள் ஆஸ்பத்திரியில், ‘நூலிழையில் தப்பிச்சோம்’ என்று எத்தனை பேர் தாமாக வந்து சொன்னார்கள்? யாருமே சொல்லவில்லை என்றால், அங்கே தவறே நடக்கவில்லை என்றா நினைக்கிறீர்கள்? அடுத்து யாராவது வந்து சொன்னால், அன்றைய ரவுண்ட்ஸிலேயே எல்லோர் முன்னிலையிலும் அவருக்கு நன்றி சொல்லுங்கள். ஆயாம்மாவாக இருந்தாலும் சொல்லுங்கள். அதற்கு பட்ஜெட் எதுவும் தேவையில்லை.

வாசகர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியில் நீங்கள் கவனித்துச் சொன்ன ஏதாவது ஒரு விஷயம், அதற்குக் கிடைத்த பதில், அதனால் தடுக்கப்பட்ட அல்லது தடுக்க முடியாமல் போன ஒரு தவறு... இதை எங்களுக்கு எழுதுங்கள். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், டாக்டரின் பெயர் வேண்டாம். நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், மருந்தாளுநர்கள், வார்டு ஊழியர்கள் உங்கள் பெயரையும் குறிப்பிடாமல் எழுதலாம். உங்கள் பக்கத்துக் கதைதான் வெளியே வராமலே போகிறது. வரும் கடிதங்களை மூத்த மருத்துவர்களிடமும் நர்ஸிங் ஆசிரியர்களிடமும் காட்டி, அவர்கள் சொல்லும் யோசனைகளோடு வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்